நாயோடு வருகிறவர்களே, சொன்ன நாளில் வாருங்கள்

2023 பிப்ரவரியில், நம் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில், விக்கிரவாண்டிக்கு அருகே குண்டலப்புலியூரில் இயங்கிவந்த அன்பு ஜோதி ஆசிரமத்துக்குள் அதிகாரிகளும் போலீசாரும் நுழைந்தார்கள். ஆதரவற்றவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், முதியவர்கள் என்று 140 பேருக்கு மேல் மீட்கப்பட்டார்கள். இல்லம் நடத்த உரிய அனுமதி இல்லை. அடித்தார்கள், கட்டிவைத்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள் என்று புகார்மேல் புகார் எழுந்தது. பேச்சுக் கேளாதவர்கள்மேல் குரங்கை ஏவிக் கடிக்க விட்டார்கள் என்பதும் அந்தப் புகார்களில் ஒன்று. வழக்கு சிபிசிஐடி கைக்குப் போனது.

அங்கே சேர்க்கப்பட்ட ஒரு முதியவரைக் காணவில்லை என்று அவருக்கு வேண்டியவர்கள் அலைந்து, உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் இவ்வளவும் வெளியே வந்தது. அந்த இடத்துக்கு அரிசி மூட்டை அனுப்பியவர்கள் இருந்திருப்பார்கள். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் மாதம் தவறாமல் கட்டில் கட்டிலாகப் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘போன தடவை இந்த ஜன்னலோரம் இருந்த தாத்தா எங்கே?’ என்று கேட்க ஊருக்குள் பத்துப் பேர் இருந்திருந்தால், அந்த அக்கிரமத்தை அவ்வளவு காலம் மூடிவைத்திருக்க முடியாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகிப்போன 28 பேரைத் தேடியும் தீப்பிடிப்பதற்கு முன்னால் யாரும் அப்படி மாதம் தவறாமல் போனதாகத் தெரியவில்லை.

திருக்கோவிலூர்க்காரர்களிடம் இதை ஏன் சொல்கிறேன் என்றால், வீட்டில் நாய் வளர்க்கும் நம் பிள்ளைகளில் சிலருக்கு இப்போது ஒரு நல்ல ஆசை வந்திருக்கிறது. முதியோர் இல்லத்துக்கும் காப்பகத்துக்கும் தங்கள் நாயைக் கூட்டிக்கொண்டு போய், அங்கே இருக்கிறவர்களோடு ஒரு மணி நேரம் கழிக்க வேண்டும் என்ற ஆசை. வெளிநாட்டில் செய்கிறார்கள், சென்னையில் செய்கிறார்கள், நாமும் செய்தால் என்ன என்று கேட்கிறார்கள். செய்யுங்கள். கட்டாயம் செய்யுங்கள். ஆனால் தொடங்குகிற அன்றே சரியாகத் தொடங்குங்கள். கோணலாகத் தொடங்கி ஒரே ஒரு கடி நடந்துவிட்டால், மாவட்டத்தில் உள்ள அத்தனை இல்லங்களின் கேட்டும் உங்களுக்கும் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் சாத்தப்பட்டுவிடும்.

இது புதுமோகம் இல்லை. நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர், தம் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருக்கும்போது, யாரிடமும் வாய் திறக்காத சிறுவன் அதனோடு ஒட்டிக்கொண்டதைக் கவனித்தார். 1960களின் தொடக்கத்தில் அதைச் சக நிபுணர்களிடம் சொன்னபோது சிலர் ஏளனம் செய்தார்கள். அவர் விடாமல் எழுதினார். 1991இல் விலங்குநல ஆர்வலர் ஜில் ராபின்சன் ஹாங்காங்கில் ‘டாக்டர் டாக்’ என்ற பெயரில் நாய்களை மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் கூட்டிப்போகத் தொடங்கினார். சென்னையில் அந்தத் திட்டத்தை ப்ளூ கிராஸ் விலங்குநல அமைப்பு ஏற்று நடத்தியது. சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கான சரஸ்வதி கேந்திராவுக்கு நாய்கள் போயின. மும்பையில் அனிமல் ஏஞ்சல்ஸ் ஃபவுண்டேஷன் உளவியல் படித்தவர்களை வைத்துக்கொண்டு இதே வேலையைச் செய்கிறது.

பலன் உண்டா? உண்டு, அளவாக. 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மூன்று பராமரிப்பு இல்லங்களைச் சேர்ந்த 45 பேரைப் பிரித்துப் பார்த்தார்கள். சிலருக்கு நாய் வரவில்லை. சிலருக்கு வாரம் ஒருமுறை அரை மணி நேரம் வந்தது, சிலருக்கு வாரம் மூன்று முறை. ஆறு வாரம் கழித்து, நாய் வந்தவர்களுக்குத் தனிமை உணர்வு குறைந்திருந்தது. ஒருமுறை வந்ததற்கும் மூன்று முறை வந்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதே ஆய்வாளர்கள் 2005இல் இன்னொன்றையும் சொன்னார்கள்: எல்லாரையும் கூட்டமாக உட்காரவைத்து நாயைக் காட்டுவதைவிட, ஒருவரோடு ஒரு நாய் தனியாக இருக்கும்போதுதான் பலன் கூடுதல். சின்ன ஆய்வுகள்தான். ஆனால் நம் வசதிக்கு உட்பட்டதையே அவை கேட்கின்றன. வாரம் ஒரு நாள், ஆளுக்குக் கொஞ்ச நேரம், கூட்டம் வேண்டாம், நாள் தவற வேண்டாம். இதற்குமேல் எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். சர்க்கரை குறையும், பக்கவாதம் சரியாகும், மறதி தீரும் என்று யாராவது சொன்னால் அது பொய். அந்தப் பொய்யை நம்பி மாத்திரையை நிறுத்தும் ஒரு பெரியவரின் பாவம் சொன்னவர் தலையில்தான் விடியும்.

நம் ஊர் இல்லங்களில் இருக்கிற பெரியவர்கள் எந்த வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தென்பெண்ணைக் கரையிலும் சங்கராபுரம், ரிஷிவந்தியம் பக்கங்களிலும் காலம்பூரா மாடும் ஆடும் கோழியுமாகப் புழங்கியவர்கள். விடிகாலையில் சாணி அள்ளி, பால் கறந்து, கன்றை அவிழ்த்துவிட்ட கைகள். புருஷன் போன பிறகு பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போக, கடைசியில் மாட்டைச் சந்தையில் விற்றுவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர்கள். இல்லத்தில் சோறு கிடைக்கிறது, பாய் கிடைக்கிறது, மாத்திரை கிடைக்கிறது. தன்னை நம்பி ஒரு ஜீவன் வாசலில் நிற்கிற நிலை மட்டும் போய்விட்டது. அறுபது வருஷம் அடுத்த ஜீவனுக்குத் தீனி வைத்த ஒரு மனுஷிக்கு, இனி தனக்கு மட்டும்தான் தீனி என்பது எவ்வளவு பெரிய தண்டனை! வெளியே இருந்து வருகிற நாய் அந்தக் கையைத் தேடி வந்து மோந்து பார்க்கிறபோது அவர்களுக்குக் கிடைப்பது பொழுதுபோக்கு இல்லை. இன்னும் தன்னை ஒரு ஜீவனுக்கு வேண்டியிருக்கிறது என்ற நினைப்பு.

அதனால்தான் இந்த வேலையில் விளையாட்டு கூடாது என்கிறேன்.

முதலில் வெறிநோய். அது வந்துவிட்டால் பிழைக்க வழி கிடையாது. ஊசி போட்டுத் தடுக்கலாம், வந்தபின் குணப்படுத்த முடியாது. உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது. அரசு கால்நடை மருந்தகத்தில் போட்ட தேதி எழுதிய அட்டையை இல்லத்துப் பொறுப்பாளர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் உள்ளிட்ட மற்றத் தடுப்பூசிகளும் போட்டிருக்க வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்த தேதியும் அந்த அட்டையில் இருக்கட்டும். காது மடலுக்குப் பின்னாலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று முந்தின நாள் குளிப்பாட்டும்போதே தடவிப் பாருங்கள். கறிக்கடைக் கழிவையும் பச்சைக் கோழித்தலையையும் தின்கிற நாயை அழைத்துப்போகவே கூடாது. அமெரிக்காவின் மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு வல்லுநர்கள் 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, பச்சை இறைச்சி தின்ற நாயை 90 நாளைக்கு உள்ளே விடாதே என்கிறது. அதன் எச்சிலிலும் மலத்திலும் வருகிற கிருமி நமக்கு வயிற்றுப்போக்கோடு போகலாம். எண்பது வயதுக்காரரைக் கொண்டுபோய்விடலாம்.

குட்டி நாய் வேண்டாம். பார்க்க அழகாக இருக்கும், எல்லாரும் தூக்கிக் கொஞ்சுவார்கள், படமும் நன்றாக வரும். ஆனால் அதற்குத் தடுப்பூசி முழுமையாகியிருக்காது, பல் ஊசியாக இருக்கும், எதைக் கண்டாலும் கடித்துப் பார்க்கும். அதே வழிகாட்டி ஒரு வயதுக்குக் குறைந்த நாயை ஏற்பதில்லை. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை என்று பெருமையாக வளர்க்கிறீர்கள், வளருங்கள். அவை காவலுக்கும் வேட்டைக்கும் பிறந்தவை. அந்நியர் கை தன்மேல் படுவதைப் பெரும்பாலும் பொறுக்காது. சாந்தமான லாப்ரடாரும் சரி, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயும் சரி, ஜாதியைப் பார்க்காமல் குணத்தைப் பாருங்கள். பாத்திரம் கீழே விழுந்து உருண்டால் திடுக்கிட்டுக் குரைக்கிறதா, வாலைப் பிடித்தால் பல்லைக் காட்டுகிறதா, சக்கர நாற்காலியைக் கண்டு பதறுகிறதா என்று வீட்டிலேயே பல நாள் சோதித்துப் பார்த்த பிறகு கூட்டிப்போங்கள். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அதை வளர்ப்பதே குற்றம். குரங்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கட்டிலருகே போவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. படுக்கையில் இருக்கும் பெரியவரின் தலைமாட்டுப் பக்கமாக, பின்னாலிருந்து நாயைக் கொண்டுபோகாதீர்கள். பயந்துவிடுவார். கால்மாட்டுப் பக்கம், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி நில்லுங்கள். முதலில் நீங்கள் பேசுங்கள். ‘தாத்தா, நான்தான், போன வாரம் வந்தேனே’ என்று ஆரம்பியுங்கள். ‘இவனைப் பக்கத்தில் கூட்டிவரவா?’ என்று கேளுங்கள். தலையாட்டினால் மட்டும் கூட்டிவாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அதுவும் பதில்தான். நீங்கள் கொண்டுவந்த துவைத்த துண்டைக் கட்டில் விளிம்பில் விரித்து, நாயை அதன் பக்கத்தில் உட்காரவையுங்கள். கட்டில்மேல் ஏற்றாதீர்கள். பக்கவாதத்தில் இடக்கை விழுந்தவர் என்றால் நாயை வலப்பக்கம் உட்காரவைத்தால்தான் அவரால் தடவ முடியும். விழுந்த கையை அசைக்கப் பழக்கும் பயிற்சியாளர் கேட்டுக்கொண்டால் மட்டும் பக்கம் மாற்றுங்கள். அந்தக் கையின் தோலைப் பாருங்கள். வயதானவர் தோல் லேசாக உரசினாலே உரிந்துவிடும். இதயத்துக்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் சின்னக் கீறலிலும் ரத்தம் லேசில் நிற்காது. அதனால் நாயின் நகத்தை வெட்டினால் மட்டும் போதாது, வெட்டிய முனையை அரத்தால் ராவி மழுக்க வேண்டும். முகத்தை நக்க விடாதீர்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டிருப்பவர், சிறுநீர்க் குழாய் போட்டிருப்பவர், புற்றுநோய் மருந்து எடுப்பவர் பக்கம் டாக்டரோ நர்ஸோ சொல்லாமல் போகாதீர்கள். ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகுமுன் அந்தப் பெரியவர் கையையும் உங்கள் கையையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எழுந்து போக முடியாதவருக்குப் பேசினில் தண்ணீர் கொண்டுவந்து நீங்களே கழுவிவிடுங்கள். அந்தக் கையைப் பிடித்துக் கழுவிவிடுகிற அந்த ஒரு நிமிஷம், நாயைத் தடவியதற்குச் சமமாக அவருக்கு நன்மை செய்யும்.

நகம் பட்டுக் கீறிவிட்டால் மறைக்காதீர்கள். மறதி நோய் உள்ளவரால் ‘என்னை நாய் பிறாண்டியது’ என்று சாயங்காலம் சொல்ல முடியாது. நீங்கள் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறக்குறைய 88 லட்சம் பேர், மறதி நோயோடு இருக்கிறார்கள் என்பது 2023இல் வெளியான மதிப்பீடு. நீங்கள் போகிற இல்லத்திலும் அவர்கள் இருப்பார்கள். கீறலை ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள். நேரே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ஊசி இலவசம்தான். டாக்டர் சொன்ன தேதிகளில் அத்தனை ஊசியையும் போட்டு முடிக்கிறவரை கூட நில்லுங்கள்.

மறதி நோயுள்ள பாட்டி உங்கள் நாயைத் தன் பழைய நாய் ‘மணி’ என்று நினைத்துக் கூப்பிடலாம். ‘இது மணி இல்ல பாட்டி, இது டைகர்’ என்று திருத்த வேண்டாம். மணி என்ன தின்னும், எங்கே படுக்கும், யாரைக் கண்டால் குரைக்கும் என்று கேளுங்கள். ஒரே கதையை நாலு தடவை சொன்னால் நாலு தடவையும் கேளுங்கள். அதைக் கேட்கப் பொறுமை இல்லாதவர் இந்த வேலைக்கு வேண்டாம்.

எல்லாருக்கும் நாய் பிடிக்காது. சின்ன வயதில் கடிபட்டவர்கள் இருப்பார்கள். நாய் பட்டால் தீட்டு என்று நினைக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்குத் துணியை மாற்ற வேண்டும் என்று ஒதுங்கும் முஸ்லிம் பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய், பைரவர் வாகனமே நாய்தானே என்று வாதம் செய்யாதீர்கள். அது அவர்கள் வீடு. வேண்டாம் என்று சொல்கிற உரிமை அந்த வயதில் அவர்களுக்கு மிச்சமிருக்கிற சில உரிமைகளில் ஒன்று. யார் வேண்டும் என்றார்கள், யார் வேண்டாம் என்றார்கள் என்று முதலிலேயே கேட்டு எழுதிவைத்து, வேண்டாம் என்றவர் இருக்கும் அறை வழியாக நாயை நடத்திக்கொண்டுகூடப் போகாதீர்கள். ஒருவர் ஒரு வாரம் சரி என்று அடுத்த வாரம் வேண்டாம் என்றால், ஏன் என்று கேட்காதீர்கள்.

படம் எடுக்காதீர்கள். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. நைட்டி விலகியதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு தாயை, பல்செட் கழன்ற வாயோடு சிரிக்கும் ஒரு தகப்பனை, நாயோடு சேர்த்துப் படம் பிடித்து ரீல்ஸ் போடுவது அவர்கள் மானத்தை விற்பது. ‘அவர்தான் சரி என்றார்’ என்கிறீர்களா? வெளியே இருந்து வந்தவன் கையில் பிஸ்கட்டும் நாயுமாக நிற்கும்போது ‘மாட்டேன்’ என்று சொல்ல அவருக்கு என்ன பலம் இருக்கிறது? தன் அம்மா இல்லத்தில் இருக்கிறாள் என்பதை மருமகள் வீட்டாரிடம் மறைத்துவைத்திருக்கும் மகனும் இருப்பான். அவன் செய்தது தப்பாகவே இருக்கட்டும். அதை ஊருக்குக் காட்டுகிற உரிமை உங்களுக்கு இல்லை. போனைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போங்கள்.

நாயும் ஒரு ஜீவன்தான் என்பதை மறக்காதீர்கள். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து வெயில் தெரியும். காலை எட்டு மணிக்கெல்லாம் தார் ரோடு சுடத் தொடங்கிவிடும். செருப்புப் போட்ட உங்கள் காலுக்குத் தெரியாது, நாயின் பாதம் கொப்பளித்துப்போகும். வெயில் ஏறுமுன் போய்விட்டு வாருங்கள். டைல்ஸ் தரையில் நாய்க்குக் கால் வழுக்கும். கூடவே ஒரு சாக்குமிதியடியைக் கொண்டுபோய்ப் போடுங்கள். தூக்கமே வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா, உதட்டை நக்கிக்கொண்டே இருக்கிறதா, முகத்தைத் திருப்புகிறதா, வாலை உள்ளே இழுத்துக்கொள்கிறதா என்று கவனியுங்கள். ‘போதும், என்னை வெளியே கூட்டிப்போ’ என்று அது சொல்கிற முறை அதுதான். அதை மீறி இன்னும் இரண்டு பேரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இழுத்துக்கொண்டு நடந்தால், கடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழி இருக்காது. ஒரு மணி நேரத்துக்குமேல் எந்த நாயையும் உள்ளே வைத்திருக்காதீர்கள்.

இல்லத்தில் வேலை செய்கிற பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. குறைந்த சம்பளத்துக்குப் பகலும் இரவும் மலமூத்திரம் துடைக்கிறவர்கள். உங்கள் நாய் வராந்தாவில் ஒன்றுக்குப் போனால் அவர்கள் துடைக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால், உங்கள் தர்மத்தின் பாரத்தை ஏழைத் தோளில் ஏற்றுகிறீர்கள். பினாயிலும் மாப்பும் நீங்களே கொண்டுபோங்கள், நீங்களே துடையுங்கள், கொட்டிய முடியை நீங்களே பெருக்குங்கள். சாப்பாட்டு நேரத்திலும் குளிக்கிற நேரத்திலும் போகாதீர்கள். அடுப்படிப் பக்கம் நாயை விடவே விடாதீர்கள்.

இனி இல்லம் நடத்துகிறவர்களுக்கு.

ஐயா, அம்மா, உங்கள் கஷ்டம் தெரியும். இடம் இல்லை, ஆள் இல்லை, நாய் வந்தால் யார் பதில் சொல்வது என்கிறீர்கள். மருத்துவமனை, பள்ளி வளாகங்களில் தெருநாய் இருக்கக் கூடாது என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறதே என்றும் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த உத்தரவு திரிகிற நாயைப் பற்றியது. தடுப்பூசி அட்டையோடு, கழுத்துப்பட்டையும் கயிறுமாக, வளர்த்தவர் கையில் வந்து அவரோடு திரும்பிப்போகிற நாய் வேறு. உங்கள் வளாகத்தில் தெருநாய் நுழையாதபடி வேலியை அடைத்துவிட்டு, இந்த நாய்க்குக் கேட்டைத் திறங்கள்.

இடம் இல்லை என்ற பேச்சுக்கு வருகிறேன். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த இடைகழியில், மழைக்கு ஒதுங்கிய மூன்று ஆழ்வார்களும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு நின்றது இந்தத் திருக்கோவிலூரில்தான். நாலாவதாக ஒருவன் வந்து நெருக்கினான் என்பதும் அந்தக் கதையில்தான் வருகிறது. உலகளந்த பெருமாள் கோவிலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் நாம் அந்தக் கதையைச் சொல்கிறோம். அப்படிச் சொல்கிற ஊரில் ஒரு நாய்க்கும் ஒரு பிள்ளைக்கும் திண்ணையில் இடம் இல்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒரு நோட்டுப் போடுங்கள். யார் வந்தார், எந்த நாய், தடுப்பூசித் தேதி என்ன, யார் யாரைப் பார்த்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதுங்கள். வருகிறவர் கூடவே உங்கள் ஆள் ஒருவர் இருக்கட்டும். இது நாய்க்காக மட்டும் சொல்லவில்லை. அந்த நோட்டு நாளைக்கு உங்களையும் காப்பாற்றும். வெளியாள் வந்தால் குறை சொல்வான், எதையாவது பார்த்துவிட்டுப் போய்ப் பேசுவான் என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. பேசட்டும். கூரை ஒழுகுகிறதென்றால் ஒழுகுகிறது என்று ஊருக்குத் தெரியட்டும், ஊர் வந்து சரிசெய்யும். ஒளிக்க ஒன்றும் இல்லாதவருக்கு வாரம் ஒருமுறை வருகிற கண்கள் துணைதான். ஒளிக்க இருக்கிறது என்றால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டமும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் உங்களுக்காகத்தான் இருக்கின்றன. மனநலம் பாதிக்கப்பட்டவர்களைத் தங்கவைக்கிற இடம் பதிவு இல்லாமல் நடக்கவே கூடாது.

பிள்ளைகளுக்கு, அதாவது அப்பா அம்மாவை அங்கே விட்டவர்களுக்கு: ஊரார் நாய் வரும்போது உங்கள் வீட்டு நாய் ஏன் வரக்கூடாது? அம்மா வளர்த்த நாய் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அதைக் கூட்டிவாருங்கள். நாயாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த ஒரு ஆயாவுக்கு லாப்ரடார் நாய் அந்நியம், வெள்ளாடு சொந்தம். இல்லத்துக்கு வெளியே வேப்ப மரத்தடியில், வளர்ந்த, நோயில்லாத ஆட்டைக் கட்டி, அவரை நாற்காலியில் கொண்டுவந்து உட்காரவைத்து, கையில் ஒரு பிடி அகத்திக்கீரை கொடுங்கள். சினை ஆட்டையும் புதிதாகக் குட்டி போட்ட ஆட்டையும் கொண்டுவராதீர்கள், அவற்றிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் உண்டு. முடிந்ததும் கையைக் கழுவிவிடுங்கள். ஆட்டோடு வந்த நீங்களும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் யாருக்கு என்ன விசேஷம், யார் வயலில் என்ன நட்டிருக்கிறது என்று சொல்லுங்கள்.

கடைசியாக, நாயோடு போக ஆசைப்படும் பிள்ளைகளுக்கே திரும்ப வருகிறேன். முதல் இரண்டு வாரம் காட்டுகிற உற்சாகத்தை நான் நம்பவில்லை. ஐந்தாவது வாரம் பரீட்சை வரும், எட்டாவது வாரம் கல்யாணம் வரும், பத்தாவது வாரம் சலிப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவேன் என்று நீங்கள் சொன்னதை, ஒரு தாத்தா விடிந்ததுமே சட்டை மாற்றிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்து நம்பிக்கொண்டிருப்பார். அவர் ஏற்கெனவே மகனால் ஏமாந்தவர். அவரை இன்னொரு தடவை ஏமாற்ற நீங்கள் யார்? ஆறு மாதம் தொடர்ந்து வர முடியாது என்று தெரிந்தால் தொடங்காதீர்கள். நாலு பேராகச் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒருவருக்கு முடியாதபோது இன்னொருவர் போகலாம். நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் நாய் இல்லாமல் நீங்கள் மட்டும் போங்கள், ‘அவனுக்குக் காய்ச்சல் தாத்தா, அடுத்த வாரம் வருவான்’ என்று சொல்லுங்கள். நாய் செத்துப்போனால் அதையும் போய்ச் சொல்லுங்கள். எத்தனையோ சாவைப் பார்த்தவர்கள் அவர்கள், உங்களுக்கு அவர்கள்தான் ஆறுதல் சொல்வார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே உங்களுக்குப் பக்கத்தில் உள்ள இல்லத்துக்குப் போங்கள், நாயை வீட்டில் விட்டுவிட்டு. பொறுப்பாளரைப் பார்த்து, அனுமதி கேட்டு, அங்கே இருக்கிறவர்களின் பேரைத் தெரிந்துகொண்டு வாருங்கள். மறு ஞாயிறும் அப்படியே போங்கள். மூன்றாவது ஞாயிறு தடுப்பூசி அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, நாயைக் கூட்டிவரலாமா என்று கேளுங்கள். வருகிற வழியில் அடிபட்ட பிராணியைக் கண்டால் கால்நடை உதவி எண் 1962க்குப் பேசுங்கள். உள்ளே ஒரு பெரியவர் அடிபட்டதாகவோ கட்டிவைக்கப்பட்டதாகவோ தெரிந்தால், அன்றைக்கே முதியோர் உதவி எண் 14567க்குப் பேசுங்கள்.